‘0.0’ டின்: தாகத்துக்குச் சுமார், பிள்ளைகளுக்கு வேண்டாம்

கோவை மால்களிலும் திருப்பூர், ஈரோடு சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கூல்டிரிங்ஸ் பிரிட்ஜில் ரோஸ் மில்க்கை ஒட்டியே நிற்கிறது, பீர் கம்பெனிப் பெயரில், ஆல்கஹால் ‘0.0’ சதவீதம் என்று போட்டு வரும் மதுவில்லாத மால்ட் (முளைகட்டிய தானிய) பானம்.

சுவையை முடிவு செய்வது செய்முறைதான். பீரை முழுசாக நொதிக்க விட்டு, வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலோ சவ்வு வடிகட்டியிலோ ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தால் கசப்பு சுத்தமாக இருக்கும், ஆனால் நீர்த்த மாதிரி தெரியும். நொதிப்பைப் பாதியில் நிறுத்தினாலோ, நொதிக்கவே விடாமல் மால்ட்டையும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் கலந்தாலோ, தானிய இனிப்பு நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். நல்ல குளிரில் இது மறைந்துவிடும். குளிர் விட்டதும் ஆறிப்போன ராகி மால்ட்டில் கசப்பைக் கரைத்தது போலாகிவிடுகிறது. பச்சை பாட்டில் வெயில் படும் இடத்தில் இருந்தால் எடுக்காதீங்க. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து சிதைந்து கந்தக வாடை வரும். டின்னில் அந்தத் தொல்லை இல்லை.

சர்க்கரையை 100 மில்லிக்குத்தான் அச்சிடுவார்கள். 6 கிராம் என்றிருந்தால் 330 மில்லி டின்னுக்கு ஏறத்தாழ 20 கிராம், நாலைந்து டீஸ்பூன். எலுமிச்சை வகை என்றால் அந்த வரியை இரண்டு முறை பாருங்க.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம். ஆகவே டாஸ்மாக்கின் 21 வயது வரம்பு இதற்குக் கிடையாது. பத்தாம் வகுப்புப் பையன் பில் போட்டு வாங்கிப் போகலாம்.

இந்த டின்னின் நிஜமான வேலையே வேறு. 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகள் மது விளம்பரத்தை நேராகவும் மறைமுகமாகவும் தடுக்கின்றன. அதனால்தான் சோடா, குடிநீர், மியூசிக் சிடி என்று மதுவின் அதே பெயரில் ஏதாவது ஒன்று திரையில் வந்தது. இதுதான் பினாமி விளம்பரம். விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, அப்படிப்பட்ட பொருள் கடையில் உண்மையாகவே விற்பனையாக வேண்டும் என்கிறது. ஆக, பிரிட்ஜில் டின் நிற்பதே விளம்பரத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பினாமி விளம்பரத்தைத் தடை செய்தது. ஆனால் பொருள் நிஜமாகவே கடையில் விற்கும்போது, எது பினாமி என்று வழக்காடுவது கடினம். எழுத்து, நிறம், சின்னம் எல்லாம் பீர் பாட்டிலில் உள்ளதேதான். 21 வயதில் டாஸ்மாக் கவுண்டர் முன் நிற்கிறவனுக்கு எந்தப் பெயரைக் கேட்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 13 ஆய்வுகளை 2009-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மது விளம்பரம் பார்ப்பதற்கும் பிற்பாடு குடிக்கத் தொடங்குவதற்கும் அல்லது கூடுதலாகக் குடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்றன 12.

பீரை விட நினைக்கும் பெரியவருக்கு இந்த டின் ஓரளவு உதவலாம். சிலருக்கு அந்த வாசமே பழைய நினைப்பைக் கிளப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். கல்லூரிக் கல்ச்சுரல்ஸுக்கு இலவச டின்னோடு ஸ்பான்சர் வந்தால், மாணவர் குழு பேனரில் எந்தப் பெயர் ஏறும் என்பதை முதலில் எழுத்தில் கேட்கட்டும்.

ஸ்டாலுக்குப் பானம்தான் வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நீரா, அதாவது தென்னம்பாளையில் இறக்கும் புளிக்காத சாறு இருக்கிறது. மரத்திலேயே ஐஸ் பெட்டி கட்டி இறக்குவது. 4 டிகிரியிலேயே வைத்திருங்க. வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் புளிக்கும். புளித்தால் கொட்டிவிடுங்க, அது கள்ளு. கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை.