ஸ்னோபால் குக்கீ ரெடி மிக்ஸ்: மாவு அருமை, சர்க்கரை பத்தாது

பண்டிகைக்கு ஸ்னோபால் குக்கீ (பனிப்பந்து போல வெள்ளைச் சர்க்கரையில் புரட்டிய உருண்டைக் குக்கீ) செய்ய ரெடி மிக்ஸ் ஒன்று வாங்கினேன். வெண்ணெய் மட்டும் நம்முடையது. மாவு, பொடியாக நறுக்கிய வால்நட், மேலே புரட்டும் ஐசிங் சர்க்கரை (நைசாகப் பொடித்த சர்க்கரை) எல்லாம் தனித்தனிப் பாக்கெட்டில் வருகின்றன.

மாவு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முட்டை கிடையாது, இந்த வகைக் குக்கீக்கு அது தேவையும் இல்லை, வெண்ணெயும் வால்நட்டும் சேர்ந்துதான் வாயில் போட்டதும் உதிர்கிற அந்தப் பதத்தைத் தருகின்றன, அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது, விரல் வைத்தால் அழுந்தினால் போதும். உருட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 175 டிகிரி செல்சியஸில் சுட்டேன். மேலே வெளிறியே இருக்கும், அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும்.

வால்நட்தான் ஏமாற்றம். வறுக்காமல் கொடுத்திருக்கிறார்கள், வாசனையே இல்லை. வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டுச் சேர்த்தால் ருசியே வேறு.

பெரிய குறை சர்க்கரை. இதை இரண்டு முறை புரட்ட வேண்டும்: இளஞ்சூட்டில் புரட்டுவது கொஞ்சம் உருகிக் குக்கீயோடு ஒட்டிக்கொள்ளும், முழுக்க ஆறிய பிறகு புரட்டுவதுதான் வெள்ளை வெளேரென்று நிற்கும். பாக்கெட்டில் இருப்பது முதல் முறைக்கே தீர்ந்துவிடுகிறது, இரண்டாவது முறை பற்றி அட்டையில் ஒரு வரிகூட இல்லை!

கையில் அரை கப் ஐசிங் சர்க்கரை கூடுதலாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அப்புறம், ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள், ஆவி பட்டு மேலே இருக்கும் சர்க்கரை பிசுபிசுத்துப் போகும்.