இடது கை முதலில்: புஜங்களின் அளவு வித்தியாசத்தோடு ஒரு நீண்ட நாள் அனுபவம்

இன்ச் டேப்பில் இரண்டு புஜமும் ஒரே எண்ணைக் காட்டுகிற மனிதர் அரிது. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது புஜம் சற்றுத் தடிப்பாக இருப்பது இயல்பு. கால் அங்குலம் வரை அடுத்தவர் கண்ணில் படவே படாது. என் கணக்கு அதைத் தாண்டியிருந்தது. பள்ளி நாட்களிலிருந்து பேட்மின்டன் ஆடுகிறேன், மட்டை வலது கையில். ஜிம்மில் சேர்ந்தபோது வலது புஜம் இடதைவிட முக்கால் அங்குலம் பெரிது. முன்கையில் வித்தியாசம் இன்னும் அப்பட்டம். டென்னிஸ் உலகத்தில் இது பிரசித்தம். 1962, 1969 என இருமுறை ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்ற, இடது கை ஆட்டக்காரரான ராட் லேவரின் இடது முன்கையைப் பழைய படங்களில் பார்த்தால், வேறு யாருடையதையோ ஒட்டவைத்தது போல் இருக்கும். அதனால் அவர் ஆட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான் இதில் இறங்கியது அழகுக்காகத்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஒற்றைக் கையால் செய்யும் பயிற்சி எதுவானாலும் இடது கைதான் முதலில். அது ஒழுங்காக எத்தனை முறை தூக்குகிறதோ, அதே எடையில் அத்தனை முறைதான் வலது கைக்கும். வலதுக்கு இன்னும் தெம்பு மிச்சமிருந்தாலும் டம்பெல்லைக் கீழே வைத்துவிட வேண்டும். வலது இளைத்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். இளைக்காது. தசையை வளர்க்கத் தேவைப்படும் உழைப்பைவிட, வளர்ந்ததைக் காப்பாற்றத் தேவைப்படுவது மிகவும் குறைவு.

'ஒழுங்காக' என்று சொன்னேனே, விஷயம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோ டம்பெல்லோடு இடது கையில் கர்ல், அதாவது முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் பயிற்சி, செய்யும்போது பக்கவாட்டில் கண்ணாடியைப் பார்த்தால் தெரியும். ஏழாவது, எட்டாவது தடவையில் முதலில் மணிக்கட்டு பின்னோக்கி மடிகிறது. அடுத்து முழங்கை விலாவை விட்டு முன்னே நகர்கிறது. கடைசியில் தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறது. எடை மேலே வந்துவிடும். ஆனால் அதைக் கொண்டுவந்ததில் புஜத்தின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் பங்கு கொஞ்சம்தான். வலது கை அதே எண்ணிக்கையில் இந்தத் திருட்டு எதுவும் இல்லாமல் முடிக்கிறது. முழங்கை நகர்ந்தால் செட் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்று) முடிந்தது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் டேப்பில் அசைவு தெரிந்தது. இடது கை பின்தங்கியதற்குப் பாதிக் காரணம் வலுக்குறைவு என்றால், மீதிப் பாதி இந்தக் கோணல் என்பது என் கணிப்பு.

நடைமுறையில் பெரிய இடைஞ்சல் டம்பெல்களின் வரிசை. நம் ஊர் ஜிம்களில் பெரும்பாலும் இரண்டரைக் கிலோ இடைவெளியில்தான் அடுக்கியிருப்பார்கள். பத்திலிருந்து பன்னிரண்டரைக்குப் போவது ஒரே தாவலில் 25 சதவீத ஏற்றம். பலவீனமான கைக்கு அது அநியாயம். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அரைக் கிலோ எடைப்பட்டை ஒரு ஜோடி வாங்கினேன். இந்தப் பயிற்சிக்காக நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான். பட்டை இல்லையென்றால், பழைய எடையிலேயே எண்ணிக்கையைப் பன்னிரண்டு, பதினான்கு வரை ஏற்றிவிட்டு அடுத்த டம்பெல்லுக்குப் போகலாம்.

புஜம் என்றாலே கர்ல் என்று நினைப்பவர்கள் கவனிக்க: மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்பக்கத்துத் தசையான ட்ரைசெப்ஸுக்கு. கேபிள் இயந்திரத்தில் கயிற்றை இரு கையாலும் பிடித்துக் கீழே இழுக்கும்போது வலது கை சத்தமில்லாமல் கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்ளும். கயிற்றைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கைப்பிடியை மாட்டினால் உண்மை வெளியே வந்துவிடும்.

இரு கையாலும் தூக்கும் நீளக் கம்பியான பார்பெல்லை நான் விடவில்லை. பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முன் கம்பியில் உள்ள வளையக் கோட்டைப் பார்த்து, இரு கையிலும் ஒரே விரல் அதன்மேல் வருகிறதா என்று சரிபார்க்கிறேன். ஒரு கை ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடித்தாலும் சுமை சாய்கிறது. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப்பை மட்டும் கைபேசியில் பின்னாலிருந்து படம் பிடித்துப் பார்ப்பது நல்லது. உடம்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதை முன்னாலிருக்கும் கண்ணாடி காட்டாது.

கேட்ட அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. "இடது கைக்கு மட்டும் மூன்று நான்கு செட் சேர்த்துப் போடுங்கள்" என்றார் ஒரு மாஸ்டர். ஒரு செட் சேர்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் முழங்கைத் தசைநாண்தான் முதலில் முறையிடும். புரோட்டீன் மாவை மாற்றச் சொன்னவரும் உண்டு, அந்த மாவுக்கு இடது வலது தெரியும் என்பதுபோல. மெலிந்த கைக்கு எண்ணெய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காதில் ஓதுகிறவர்களிடம் நின்று பேசவே வேண்டாம். அது தசையை வளர்ப்பதில்லை, உள்ளே வீங்கவைக்கிறது. சீழ்பிடித்துக் கையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலைக்கும் கொண்டுபோய்விடும்.

நடுவில் இடது மணிக்கட்டு பிசகிச் சில வாரம் எடை தொட முடியவில்லை. இடது ஓய்வெடுக்கும்போது வலதையும் நிறுத்திவைப்பதுதான் நியாயம் என்று தோன்றும். அறிவியல் வேறுவிதமாகச் சொல்கிறது. 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்சரும் அவரது குழுவினரும் ஒரு கைக்கு மட்டும் பிடித்து அழுத்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே பெறாத மறுகையின் வலுவும் கூடியது. நரம்புமண்டலம் கற்றுக்கொண்டதை மறுபக்கத்துக்கும் கடத்துகிறது. ஆகவே வலதை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது இடது நான் பயந்த அளவுக்குத் தளர்ந்திருக்கவில்லை.

இப்போதைய நிலவரம்: மேற்கை வித்தியாசம் கால் அங்குலத்துக்கு வந்துவிட்டது. வலு அதற்கு வெகு முன்பே சமமாகிவிட்டது. அளவு மெதுவாகத்தான் பின்தொடர்ந்தது. முன்கை அப்படியேதான் இருக்கிறது, பேட்மின்டனை விடுகிற உத்தேசம் இல்லை. மடக்கிக் காட்டும்போது இரு பைசெப்ஸின் வடிவமும் ஒன்றாக இல்லை. தசை எலும்பில் போய்ச் சேரும் இடம் பிறவியில் அமைவது, அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது.

அளப்பவர்கள் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியில், காலையில், பயிற்சிக்கு முன் அளக்கவும். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் ரத்த ஓட்டத்தில் உப்பிய அளவுதான் கிடைக்கும். மாதம் ஒருமுறை போதும்.

இவை எல்லாம் பழக்கத்தால் வந்த வித்தியாசத்துக்கு. காரணமில்லாமல் ஒரு கை மெலிந்துகொண்டே போனாலோ, விரல் மரத்துப் பிடிப்பு நழுவினாலோ கழுத்து நரம்பைச் சந்தேகித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் ஒரு கை மட்டும் திடீரென வீங்கி, கனத்து, நீலம் பாரித்தால் அது ரத்தக்குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.