நாமக்கல் ஷாஃப்ட் பட்டறையில் ஒரு பழைய ஜிப்ஸி

நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஓட்டுநர்கள் ‘ஷாஃப்ட் பட்டறை’ என்று சொல்வதையே அடையாளமாகக் கொண்டு இயங்கும் ஓரிடத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டுகளான ப்ரொபெல்லர் ஷாஃப்ட்களைப் பழுதுபார்த்து, சுற்றும்போது ஆடாதபடி சமன் செய்து தருவது மட்டுமே அங்கு நடக்கும் வேலை. லாரிக்காரர்களுக்கென்றே அமைந்த அந்த இடத்துக்குப் பழைய மாருதி ஜிப்ஸியை ஓட்டிச் செல்லலாமா என்று தயங்குபவர்களுக்கு, தாராளமாகச் செல்லலாம் என்றே சொல்வேன்.

1985ஆம் ஆண்டு இறுதியில் அறிமுகமான ஜிப்ஸியில் கியர் பாக்ஸும், சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனியானவை. இரண்டுக்கும் இடையே ஒரு குட்டை ஷாஃப்ட்டும், டிரான்ஸ்ஃபரிலிருந்து முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒவ்வொன்றுமாக மூன்று ஷாஃப்ட்களும், அவற்றின் முனைகளில் கோணத்திலும் சுற்றவிடும் சிலுவை வடிவ இணைப்புகளான ஆறு கிராஸ்களும் இருப்பதால், அதிர்வு வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மற்ற வண்டிகளைவிட அதிகம். என் வண்டியில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் தரையும் இருக்கையும் விர்ரென்று அதிர்ந்தன. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்குகள் டயரைச் சமன் செய்வதிலேயே நின்றுவிட்டார்கள்.

இந்தப் பட்டறையின் மூத்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். அதே வேகத்தில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றினால் அதிர்வு நிற்கிறதா, நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் அது ஒரே வேகத்தில்தான் வருகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டதும் கூடுகிறதா குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நியூட்ரலிலும் தொடர்ந்தால் எஞ்சினையும் கிளட்ச்சையும் ஒதுக்கிவிடலாம். எந்தக் கியரிலும் ஒரே சாலை வேகத்தில் வந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அடுத்ததாக அவர் டயர் அளவைக் கேட்டார். 205/70 ஆர் 15 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும் என்பதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 8 முறையும், ஆக்சில் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்டின் சுற்றுகள்) ஏறத்தாழ நான்கு என்பதால் ஷாஃப்ட் 32 முறையும் சுற்றும். டயர்க் கோளாறு உடலைக் குலுக்கும். ஷாஃப்ட் கோளாறு காலுக்கடியில் ரீங்கரிக்கும்.

அதன் பிறகுதான் பின் ஷாஃப்டைக் கழற்றி, முன் சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்களை ஆக்சிலோடு பூட்டி, நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, முன் ஆக்சிலின் இழுவையில் மட்டும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அதிர்வு காணாமல் போயிற்று, ஆகவே கோளாறு பின் ஷாஃப்டில்தான். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இயங்கும் பகுதி நேர நான்கு சக்கர வண்டிகளுக்கு இதைவிட நம்பகமான சோதனை கிடையாது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் தொடங்கக் கூடாது, ஏனெனில் பின் ஷாஃப்ட் இல்லாதபோது கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் சரிவில் உருண்டுவிடலாம்.

கழற்றிய ஷாஃப்டில் இரண்டு குறைகள் தெரிந்தன. பின் ஆக்சிலிலுள்ள டிஃபரென்ஷியல் பக்கத்துக் கிராஸ் கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் அழுத்திய கோடுகளோடு ஒரு திசையில் மட்டும் இறுகியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, முன்பு யாரோ ஷாஃப்டின் இரு பகுதிகளையும் பற்களால் இணைக்கும் ஸ்ப்லைனைப் பிரித்துக் கோத்தபோது ஒரு பல் தள்ளிக் கோத்திருந்தது. கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடியும் குறைந்தும் சுழலும். இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே தளத்தில் நின்று, இருபுறக் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது அழிக்கும். ஒரு பல் தள்ளினால் அந்தக் கணக்குக் குலைந்து, விநாடிக்கு 64 முறை என்ற அளவில் அதிர்வு எழும்.

இந்தப் பட்டறையை நான் மதிப்பதற்குக் காரணமான வார்த்தை இங்கேதான் வந்தது. “மிஷின்ல போட்டா இது தெரியாதுங்க” என்றார் அவர். சமன் இயந்திரத்தில் ஷாஃப்ட் நேராகச் சுற்றுகிறது. கோணமே இல்லாத இடத்தில் யோக் தள்ளியிருப்பது வெளிப்படாது. ஷாஃப்டை வாங்கி, எடை ஒட்டி, காசு பெற்றுக்கொண்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது, அதிர்வும் அப்படியே இருந்திருக்கும். அவர்கள் முதலில் யோக்குகளை நேர்ப்படுத்தி, கிராஸை மாற்றி, நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் குழாயின் கோணலைப் பார்த்தார்கள். சிறு தகடுகளைப் பற்றவைத்துச் சமன் செய்ததெல்லாம் கடைசியில்தான். இப்போது நெடுஞ்சாலை வேகத்தில் தரை அமைதியாக இருக்கிறது. மிஞ்சியிருப்பது டிரான்ஸ்ஃபரின் கியர்ப் பல்லிரைச்சல், அது ஜிப்ஸியோடு பிறந்தது.

குறைகளும் உண்டு. சமன் செய்து முடித்ததும் ஷாஃப்ட் முழுவதற்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். யோக்குகளை எப்படிக் கோக்க வேண்டும் என்று அடுத்த மெக்கானிக்குக்கு வழிகாட்ட வேண்டிய நேர்க்கோட்டு அடையாளம் அதற்குள் மறைந்துவிடுகிறது, ஆகவே பஞ்ச் கொண்டு இருபுறமும் புள்ளி குத்தித் தரும்படி கேட்டுப் பெற வேண்டும். கிரீஸ் நிப்பிள் இல்லாத மூடிய கிராஸையே முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். நெடுஞ்சாலை லாரிக்கு அது போதும். ஓடையிலும் சேற்றிலும் இறங்கும் வண்டிக்கு, புது கிரீஸ் ஏற்றி நீரையும் மண்ணையும் வெளியே தள்ளும் நிப்பிள் வகைதான் பொருந்தும். பில்லில் எந்தப் பாகம் எந்தத் தயாரிப்பு என்று எழுதுவதில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்ட்களை அவர்கள் மாற்றித் தருவதில்லை; நைந்திருக்கின்றன என்று சுட்டிக்காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வேலையை வேறிடத்தில் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ரப்பர் நைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் திருகி, மூன்று ஷாஃப்ட்களின் கோணத்தையும் ஒருசேர மாற்றிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. பாலியூரித்தேன் மவுண்ட் நீண்ட நாள் உழைக்கும் என்று கடைகளில் புகழ்வார்கள். ஆனால் அது பல்லிரைச்சலை அப்படியே சேஸிஸுக்குக் கடத்தும். மலைப்பாதையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு ரப்பரே மேல்.

கூலி நியாயமானது, ஆனால் வேலைக்கு முன்பே தொகையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாரம் ஏற்றிய லாரிகள் காலையில் வரிசை கட்டி நிற்கும், அவற்றுக்கே முன்னுரிமை. சிறிய வண்டிக்காரர்கள் பிற்பகலில் செல்வது நல்லது.