அறிமுகமா, வட்டமா, குழு வேலையா? டெல்லித் தொடக்கப் பள்ளியில் எது எடுபடும்

டெல்லியில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு வாரம் ஓடுவதற்குள் கோடை விடுமுறை. ஜூலையில் திரும்பி வரும்போது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனின் பெயர் பாதிப் பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். பல தனியார் பள்ளிகளில் வருடா வருடம் செக்‌ஷனையும் கலைத்துப் போடுகிறார்கள். அரசு ஊழியர் குடியிருப்புகளை ஒட்டிய பள்ளிகளில் மாற்றல் உத்தரவோடு வருகிற, போகிற பிள்ளைகள் தனிக் கணக்கு. தானாகப் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டால், ஒரே வேனில் வருகிறவர்கள் ஒரு கூட்டம், ஒரே அபார்ட்மென்ட் ஒரு கூட்டம் என்று பிரிந்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் மிச்சமாகவே இருப்பார்கள்.

இதற்கு ஆசிரியர்கள் கையில் இருக்கிற வழிகளில் நான்கை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். மூன்று, நான்காம் வகுப்புகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு மாதம் கழித்து, ஓரமாக உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் யாராவது பேசுகிறார்களா?

முதல் வழி, முதல் நாள் அறிமுகம். எழுந்து நின்று பெயர், அப்பாவின் வேலை, பிடித்த நிறம், பெரியவனானால் என்ன ஆவேன் என்று ஒப்பிப்பது. செலவும் இல்லை, தயாரிப்பும் இல்லை என்பதால் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. நாற்பது பேருக்கு ஆளுக்கு அரை நிமிடம் என்றால் இருபது நிமிடம். ஐந்தாவது பிள்ளைக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. தன் முறை வந்தால் என்ன சொல்வது என்பதே ஒவ்வொருவர் மனதிலும் ஓடும். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கூடுதல் சங்கடம். இங்கே ‘பூரா நாம்’, அதாவது முழுப் பெயர் கேட்பார்கள். நம் வீட்டில் இனிஷியலோடு சரி. படிவத்தில் சர்நேம் கட்டாயம் என்பதால் அப்பா பெயரை எழுதியிருப்போம், அதன் பலனாகக் கயல்விழி வருடம் முழுக்க ‘முருகேசன்’ ஆகிவிடுவாள். அப்பாவின் வேலையைக் கேட்பது இதைவிட மோசம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25% இடங்களில் சேர்ந்த பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாளே யார் எந்த வீடு என்று பிரித்துக் காட்டும் கேள்வி அது. ஒவ்வொரு பெயரையும் அந்தப் பிள்ளையின் வாயால் கேட்டு, சரியாக உச்சரிக்க ஆசிரியர் பழகிக்கொள்ள இந்த வழி உதவும். அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது, ‘யார் கண்டுபிடி’ தாள். கட்டம் போட்ட காகிதத்தில் ‘மூன்று மொழி பேசுபவர்’, ‘தம்பி இருப்பவர்’ என்று எழுதிக் கொடுத்து, பொருத்தமான ஆளிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வது. வகுப்பே சந்தை மாதிரி ஆகிவிடும், பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் பத்து நிமிடத்தில் இது கையெழுத்துப் பந்தயமாக மாறிவிடுகிறது. நின்று பேச யாருக்கும் நேரமில்லை, வாசிக்கத் திணறும் பிள்ளை பின்தங்கி நிற்கும். கட்டத்துக்குள் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ‘விமானத்தில் போனவர்’, ‘நாய் வளர்ப்பவர்’ என்றால் காசுள்ள வீட்டுப் பிள்ளையைச் சுற்றித்தான் கூட்டம். ‘சொந்த ஊருக்கு ராத்திரி ரயிலில் போகிறவர்’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து போகிறவளும் பீகாருக்குப் போகிறவனும் அங்கே சந்தித்து, மேல் பெர்த் யாருக்கு என்று வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு நாள் கொண்டாட்டத்துக்கு நல்ல விளையாட்டு, ஒரு வருடத்துக்குக் காணாது.

மூன்றாவது, தினசரி வட்டம். காலையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பெயர் சொல்லி வணக்கம், ஒருவர் பகிர்வது, மற்றவர்கள் கேள்வி கேட்பது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்த மகிழ்ச்சிப் பாடத்திட்டமும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான்: அமைதியாக மூச்சைக் கவனிப்பது, கதை, செயல்பாடு, மனதில் பட்டதைச் சொல்வது; தேர்வு கிடையாது. வட்டத்தின் பலம், அது தினமும் நடப்பது. வெட்கப்படும் பிள்ளை திங்களன்று பேசாவிட்டால் வியாழனன்று பேசும். நாற்பது பேரையும் ஒரே நாளில் பேசவைக்க முயன்றால்தான் கெட்டுப்போகும். நாளுக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் வாரத்தில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். என் மனக்குறை வேறு: வட்டத்தில் மொழி வளமுள்ளவர்களே ஜொலிப்பார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவே தடுமாறுகிற பிள்ளை ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்ளும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம், தெரிந்த நண்பன் மொழிபெயர்ப்பான் என்று அனுமதித்தால் நிலைமை மாறும். இதற்குச் சில பள்ளிகள் சம்மதிப்பதில்லை.

(விளையாட்டு மணியில் ஒன்றைப் பார்க்கலாம். இங்கே ‘போஷம்பா’ என்று இருவர் கைகோத்து வளைவு பிடிக்க, மற்றவர்கள் அடியில் நுழைந்து போவார்கள். நம் ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி’யும் அதே ஆட்டம்தான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.)

நான்காவது, குலுக்கல் குழுவும் பங்கு வேலையும். என் ஓட்டு இதற்குத்தான். 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டிக்கொண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ‘ஜிக்சா’ முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பது. ஒருவர் துண்டு இல்லாமல் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. அதனால் பிடிக்காதவன் பேசினாலும் காது கொடுத்தாக வேண்டும்.

நம் நான்காம் வகுப்பில் ‘டெல்லியின் தண்ணீர்’ என்று எடுத்தால் நான்கு துண்டு: யமுனையும் வஜீராபாத் சுத்திகரிப்பு நிலையமும், தெருவுக்கு வரும் டேங்கர், அக்ரசேன் பாவ்லி போன்ற படிக்கிணறுகள், மழைநீர் சேமிப்பு. ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றுகூடித் தயாராவார்கள், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். டேங்கருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அன்றைக்கு வகுப்பிலேயே அதிகம் தெரிந்திருக்கும். தன் வீட்டு நிலையைச் சொல்லச் சொல்லி யாரும் அவளை எழுப்பி நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டெல்லியிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. உயர்தட்டுத் தனியார் பள்ளிகள் சில, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம் தந்தாக வேண்டும் என்று 2007ல் கட்டாயமானது. அதன் விளைவை ஆராய்ந்த பொருளியலாளர் கௌதம் ராவின் கட்டுரை 2019ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ என்ற ஆய்விதழில் வந்தது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் தாராள குணம் கூடியிருந்தது. தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கச் சொன்னபோது பாகுபாடு குறைந்திருந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள், அதாவது யாரோடு யார் என்பது தற்செயல். அப்படிக் குழுவுக்குள் நேரடியாகப் பழகியது மாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது. ‘எங்கள் பிள்ளையின் மதிப்பெண் குறையுமா?’ என்று பெற்றோர் கூட்டத்தில் வழக்கமாக எழும் கேள்விக்கும் அதில் பதில் உண்டு: கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் சிறிய சரிவு.

இதற்கும் விலை உண்டு. துண்டு பிரித்துத் தயாரிக்க ஆசிரியருக்கு ஒரு மாலை போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர் துண்டையும் பிடுங்கிப் பேசும், அதை அடக்க வேண்டும். குழுவை வாரா வாரம் மாற்றினால் பழக்கம் ஒட்டாது, வருடம் முழுக்க வைத்தால் புதுக் கூட்டமாகிவிடும். நான்கைந்து வாரம் சரியான அளவு. தயாரிப்புக்கு நேரமே இல்லாதவர்கள் குலுக்கல் சீட்டில் இடம் மட்டுமாவது மாற்றலாம், டிபன் நேரத்துக்கும் சேர்த்து. டிபன் டப்பா திறந்ததும் ‘மதராசி, இட்லி’ என்று கேலி செய்கிறவன் பக்கத்திலேயே உட்கார நேர்ந்தால், இரண்டாம் வாரம் மிளகாய்ப் பொடி கேட்பான்.

என் அளவுகோலைச் சோதிக்க ஓர் எளிய வழி: மூன்று நண்பர்கள் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் துண்டுச் சீட்டில் எழுதித் தரட்டும். வீட்டில், எழுதியவரிடமிருந்து நண்பர் பெயருக்கு அம்புக்குறி போட்டுப் பாருங்கள், ஒரு அம்பும் வராத பெயர் கண்ணில் படும். ‘யாரைப் பிடிக்காது’ என்று மட்டும் கேட்கவே கூடாது. அந்தத் தாள் வகுப்பு மேஜையில் கிடக்கவும் கூடாது. ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று எடுத்தால் போதும்.

நடு வருடத்தில் மாற்றலாகி வரும் பிள்ளைக்கு இந்த நான்கில் முதல் இரண்டும் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். வட்டத்தில் முதல் வாரம் அவள் பார்வையாளர்தான். குழுவிலோ வந்த அன்றே கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிடலாம்.