ஜிப்ஸிக்கு பவர் ஸ்டியரிங் போட்டு நாலு வருஷம் ஆகிறது

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வாந்திக் கணக்கு, எனக்குத் தோள்பட்டைக் கணக்கு. செம்மேட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காபியும் இருக்கிறது, கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதை என்று சொல்ல முடியாது, மழை போட்டு வைத்த வாய்க்கால், நடுவில் பாறை. அதற்காகத்தான் 2016இல் மாருதியின் பழைய ஜிப்ஸி கிங் ஜீப் ஒன்று வாங்கினேன், 2005 மாடல், துணிக்கூரை. 1298 சிசி பெட்ரோல் இன்ஜின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், எடை சுமார் ஒரு டன். ஏறுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திருப்புவதுதான் விஷயம்.

ஜிப்ஸியில் வருவது பால் அண்ட் நட் வகை ஸ்டியரிங் பாக்ஸ், அதாவது உள்ளே குண்டுகள் உருண்டு திருப்பத்தைக் கடத்தும் பல் பெட்டி, பவர் கிடையாது. கம்பெனி டயரோடு இருந்தால் அது அவ்வளவு கனம் இல்லை, ஓடும் வண்டியில் விரலால்கூடத் திருப்பலாம். எனக்கு முன் வைத்திருந்தவர் 205/70 டயரைக் கழற்றிவிட்டு 235/75 போட்டு, போதாததற்கு வெளியே தள்ளிய அகல ரிம்மும் மாட்டியிருந்தார். டயர் விட்டம் 67 சென்டிமீட்டரிலிருந்து 73க்குப் போய்விட்டது. ரிம் வெளியே தள்ளினால் டயரின் நடுப்பகுதி கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் முள்) கோட்டிலிருந்து விலகிப்போகும், கல்லில் மோதும் ஒவ்வொரு அடியும் நெம்புகோல் போட்ட மாதிரி நேராகக் கைக்கு வரும். கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே விடாமல் மேலே வைத்துப் பிடிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு முறை ஸ்போக் வந்து அடித்ததில் பத்து நாள் பேனா பிடிக்கவில்லை.

சரி, பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாம் என்று 2021 தொடக்கத்தில் நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போனேன். லாரி ஊர் என்பதால் அங்கே ஸ்டியரிங் பாக்ஸ் பிரிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்பக்கம் ஜாக்கி போட்டு, வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது.

"தம்பி, மொதல்ல காலைச் சரி பண்ணிக்கலாம். கைக்கு அப்புறம் பாப்போம்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். 55, 60 வேகத்தில் ஏதாவது குழியில் இறங்கினால் முன் சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி உதறும், பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும், அதை நான் வீல் பேலன்ஸ் பிரச்சினை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை பேலன்ஸ் செய்தாயிற்று, உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரியான ஸ்டியரிங் டேம்பர்கூடப் புதிதாக மாட்டியாயிற்று. டேம்பர் போட்டதும் ஒரு மாதம் உதறல் இல்லை, அப்புறம் திரும்ப வந்தது. மேஸ்திரி பிரித்துக் காட்டினார். ஜிப்ஸியின் முன் ஆக்சில் முனையில் பந்து மாதிரி உருண்டை இருக்கும், அதற்கு மேலும் கீழும் கிங்பின் பேரிங். கீழ் பேரிங்கில் உருளைகள் ஓடுபாதையில் வரிவரியாகப் பள்ளம் போட்டிருந்தன. சீல் போய், டிஃபரென்ஷியல் ஆயிலும் கிரீஸும் கலந்து குழம்பாகி வெளியே வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் கிங்பின் பேரிங், சீல், டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பிகளின் முனை மூட்டு) நாலும் மாற்றினோம். கிங்பின் மூடியின் அடியில் மெல்லிய சிம் தகடுகள் இருக்கும், ஒன்றை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் தளரும். எவ்வளவு இறுக்கம் என்று கையால் பார்க்காமல், டை ராடு மாட்டும் ஓட்டையில் வில்தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தார், ஒன்றரைக் கிலோ இழுப்பில் நகரத் தொடங்கும்படி வைத்தார். பிறகு ஸ்டியரிங் பாக்ஸின் மேல் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி ஆட்டத்தை எடுத்தார், சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும். இது முக்கியம், ஏனென்றால் பாக்ஸ் தேய்வது எப்போதும் நடுவில்தான், நடு ஆட்டம் மொத்தமும் போகிற அளவுக்கு இறுக்கினால் வளைவில் திருப்பும்போது சிக்கிக்கொள்ளும். கடைசியாக அகல ரிம்மைக் கழற்றிப் பழைய அளவு ரிம்மில் 215/75 டயர். ரிம், டயர் தவிர மொத்தம் 9,200 ரூபாய்.

உதறல் அன்றோடு போனது. இன்று வரை வரவில்லை. ஸ்டியரிங் கனமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பது என் கையின் கணக்கு. இங்கேயே நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டால், எனக்கு மட்டும் என்றால் நிறுத்தியிருப்பேன். வீட்டில் அவளும் வண்டி எடுப்பாள், மிளகு மூட்டையோடு பாறைப் பாதையில் நின்று திருப்பும்போது அவளால் முடியவில்லை. என் வலது தோளிலும் வலி விடவில்லை.

ஹைட்ராலிக்கா எலக்ட்ரிக்கா என்று ஒரு மாதம் யோசித்தேன். ஹைட்ராலிக் என்றால் பம்ப், அதற்கு பிராக்கெட், புல்லி, பெல்ட், ஹோஸ், வேறு பாக்ஸ். எலக்ட்ரிக் என்றால் டேஷ்போர்டுக்குள் மோட்டாரோடு கூடிய ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங் வளையத்தைத் தாங்கும் தண்டு) ஒன்று, ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, தடித்த ஒயர், அவ்வளவுதான். ஒழுகல் கிடையாது, ஓடையில் இறங்கினாலும் மோட்டார் நனையாது. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சின்ன காரின் பழைய ஸ்டியரிங் காலம், பெட்டியோடு 8,500க்குக் கிடைத்தது. 2023இல் வந்த ஜிம்னியில் அதே பால் அண்ட் நட் பாக்ஸுக்கு மேல் எலக்ட்ரிக் பவர் வைத்துத்தான் வந்தது, அதைப் பார்த்தபோது நாம் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று ஒரு திருப்தி. ஆனால் அவர்கள் அந்த பலத்துக்கு ஏற்ப எல்லாப் பாகத்தையும் கணக்குப் போட்டுச் செய்திருப்பார்கள், நான் பதினாறு வருஷத்துப் பாகங்களின் தலையில் கொண்டுபோய் மோட்டாரை உட்கார வைத்தேன். அந்த வித்தியாசம் பின்னால்தான் புரிந்தது.

2021 ஆகஸ்டில் வேலை முடிந்தது. இதை மேஸ்திரி செய்யவில்லை, "எனக்கு கரண்டு வேலை ஆகாதுங்க தம்பி" என்றுவிட்டார், வேறொரு இடத்தில் கொடுத்தேன். முதல் நாளே ஒரு வினோதம். ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகியது. மோட்டார் கோளாறு என்றார்கள், பெட்டி கோளாறு என்றார்கள். கடைசியில், ஷாஃப்டின் இரண்டு முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட்களின் (கோணத்திலும் சுற்றைக் கடத்தும் மூட்டு) கவைகள் ஒன்றுக்கொன்று ஒரே வாக்கில் இல்லாமல் திருகி மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். சரியாகத் திருப்பி மாட்டியதும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

அதைவிடப் பெரியது பதினாலு மாதம் கழித்து வந்தது. ஸ்டியரிங் காலத்தின் ஷாஃப்டும் ஜிப்ஸியின் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று சேராது, பல் அளவு வேறு. அந்த இடத்தில் இரண்டையும் வெட்டி, முனைக்கு முனை வைத்து வெல்டிங் வைத்து, கிரைண்டரில் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கிரீஸ் அடிக்கக் கீழே படுத்தபோது டார்ச் வெளிச்சத்தில் அந்த வெல்டிங் ஓரத்தில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் மாட்டியது. விரிசல். முந்தின நாள்தான் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு மலை இறங்கியிருந்தேன். கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன்.

அதன் பிறகு மேஸ்திரி சொன்ன லேத்தில் புதிதாகச் செய்தோம். இரண்டு ஷாஃப்டும் உள்ளே நுழையும்படி ஒரு கெட்டிக் குழாய் கடைந்து, குறுக்கே ஓட்டை போட்டு பின் அடித்து, அதற்கு மேல்தான் வெல்டிங். வெல்டிங் விட்டாலும் பின் பிடிக்கும், ஸ்டியரிங் முழுசாகக் கழன்று கையோடு வராது. யாராவது இந்த வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் மோட்டார் என்ன, எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் அப்புறம், முதலில் அந்த இணைப்பை நேரில் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றுகொண்டு முழுசாகத் திருப்பும்போது என் கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர் தாண்டியது, ஹெட்லைட் மங்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், தனி ஃபியூஸ், நல்ல எர்த், இது மூன்றும் வேண்டும். பாறையில் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் நாலைந்து நிமிஷம் திருப்பிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி உதவியைத் தானே குறைத்துக்கொள்ளும், பத்து நிமிஷம் ஆற விட்டால் திரும்ப வரும். பெரிய டயர் போட்டு பாறையிலேயே கிடப்பவர்கள் ஹைட்ராலிக் பக்கம் போவதுதான் நல்லது. அதில் பலம் பாக்ஸுக்குள்ளேயே பிறக்கும். எலக்ட்ரிக்கில் பலம் மேலே ஸ்டியரிங் காலத்தில் பிறந்து, ஷாஃப்ட், ரப்பர் ஜாயிண்ட், பாக்ஸின் பல் என்று எல்லாவற்றையும் முறுக்கிக்கொண்டு கீழே போகும். என் வண்டியில் அந்த ரப்பர் ஜாயிண்ட் மோட்டார் போட்ட 22,000 கிலோமீட்டரில் கிழிந்தது. பவர் இல்லாதபோது அது பதினாறு வருஷம் உழைத்திருக்கிறது.

வேக சிக்னல் இன்னொரு தலைவலி. காரில் வேகம் ஏற ஏற மோட்டார் உதவியைக் குறைக்கும், அதற்கு வண்டியின் வேகம் அந்தப் பெட்டிக்குத் தெரிய வேண்டும். எனக்குப் போட்டவர்கள் அதைக் கொடுக்கவில்லை. மலையில் அமிர்தம், சேலம் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் 80இல் போகும்போது நரகம், தும்மினால் லேன் மாறிவிடும் போல இருந்தது, பக்கத்தில் டேங்கர் லாரி கடந்து போனால் காற்றுக்கு வண்டி நெளியும். ஆறு மாதம் பொறுத்துவிட்டு, பொய் சிக்னல் கொடுக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டைக் குமிழோடு மாட்டினேன். மலையில் கூட்டி வைப்பேன், ரோட்டில் குறைத்து வைப்பேன். மறந்துபோகிற நாளும் உண்டு.

அப்புறம், கை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது குறைந்துவிட்டது, மோட்டாரையும் சேர்த்துச் சுற்ற வேண்டுமே. முதல் வாரம் 30ஏதோ வளைவில் வழக்கம்போலப் பிடியைத் தளர்த்தினேன், வண்டி திரும்பியபடியே சுவரை நோக்கிப் போனது. இதற்கு ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஆப்பு மாதிரித் தகடு வைத்துக் கேஸ்டர் கோணத்தை, அதாவது கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவை, இரண்டு டிகிரி கூட்டினோம். கேஸ்டர் கூடினால் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் கனத்தைத்தான் மோட்டார் பார்த்துக்கொள்கிறதே. வண்டியைத் தூக்குவதற்காக நீள ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு கோக்கும் தகடு) போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூட இருக்கும், அந்த ஷேக்கிளே கேஸ்டரைக் குறைத்துவிடும்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் 2019இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்ற பக்கம்தான் நிற்கின்றன. ஆர்.சி.யில் ஸ்டியரிங் வகை என்று ஒரு கட்டமே இல்லையே என்று டீக்கடையில் வாதாடலாம், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடும் நிலை வரக் கூடாது. ஜிப்ஸியின் பழைய ஸ்டியரிங் காலத்தை எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருக்கிறேன்.

ஒரு முறை ஐம்பதாவது வளைவுக்கு மேலே பவர் சட்டென்று போனது, ஃபியூஸ் கட்டையில் பச்சை பிடித்திருந்தது. ஸ்டியரிங் வேலை செய்யும், ஆனால் பழைய கனத்தைவிட அதிகம். அன்றைக்கு அந்தக் கனத்தோடு வீடு வரை ஓட்டியதில் ஒன்று பிடிபட்டது. இடது பக்கம் லேசாக ஒரு டிக் டிக். பவர் இருந்தவரை அது கைக்கு வரவே இல்லை, மோட்டார் விழுங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் முனையில் ஆட்டம்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேண்டுமென்றே ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஊரை ஒரு சுற்று சுற்றுகிறேன். அவளுக்கும் அப்படி ஓட்டிப் பழக்கிவிட்டேன், போகிற வழியில் பவர் போனால் திகைத்து நிற்கக் கூடாதே. போன ஞாயிறு சுற்றியதில், மோட்டார் போட்ட பிறகு 41,000ஆவது கிலோமீட்டர் தாண்டியது. வலது கிங்பின்னில் ஏதோ சின்னதாக உணர்கிறேன், இவள் ஒன்றுமில்லை என்கிறாள். இந்த வாரம் மேஸ்திரியிடம் வில்தராசோடு போகிறோம், ஒரு சிம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.