வீட்டுப் பரிசோதனைப் பெட்டியும் ஒவ்வாமைச் சிகிச்சையகமும்: இரண்டையும் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

உணவு ஒவ்வாமை இருக்குமோ என்ற ஐயம் எழுந்த பிறகு நான் இரண்டு சேவைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். ஒன்று, விரல் நுனி இரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றி அஞ்சலில் அனுப்பினால் நமக்கு ஒவ்வாத உணவுகளின் பட்டியலை அனுப்பி வைக்கும் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி. மற்றொன்று, ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவரும் டயட்டீஷியனும் சேர்ந்து நடத்தும் சிகிச்சையகம். முதலாவது, எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத 23 உணவுகளை என் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, என் உயிருக்கே ஆபத்தான ஒன்றை மட்டும் தட்டிலேயே விட்டுவைத்தது. இரண்டாவது, அந்த 23 உணவுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டை மட்டும் விலக்கச் சொன்னது. இரண்டின் பெயரையும் நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே போன்ற பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைவிட அது செயல்படும் விதத்தைத் தெரிந்துகொள்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

வெளியே சாப்பிட்டு வந்த மூன்று வெவ்வேறு நாட்களில் உதடு தடித்து, கழுத்திலும் கைகளிலும் அரிப்புடன் சிவந்த தடிப்புகள் எழுந்து, சில மணி நேரத்தில் அடங்கின. காரணம் புரியாத தவிப்பில்தான் பெட்டியை வாங்கினேன். பெட்டியின் அமைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஊசி, அட்டை, தபால் உறை, படம் போட்ட விளக்கத்தாள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. பத்தாவது நாள் அறிக்கை வந்தது. 140 உணவுகள், ஒவ்வொன்றுக்கும் நேராகச் சிவப்பு, மஞ்சள் அல்லது பச்சை நிறக் கட்டம். பால், கோதுமை, முட்டை, தக்காளி, பூண்டு உட்பட 23 உணவுகள் சிவப்பில் இருந்தன. முந்திரிக்கு நேரே பச்சைக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை அன்று நான் நின்று கவனிக்கவில்லை, ஏனென்றால் என் கண்கள் முழுவதும் சிவப்பிலேயே இருந்தன.

அடுத்த ஒன்பது வாரங்கள் அந்தப் பட்டியலின்படி வாழ்ந்தேன். கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தால், பின்பக்கத்துச் சிறு எழுத்துகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்து முடிப்பதற்குள் அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன். வீட்டில் எனக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் சாப்பாடு. ஆறு கிலோ எடை குறைந்தது. பாலை விலக்கு என்று சொன்ன அறிக்கை, வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியத்துக்கு வேறு எங்கே போவது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பாலோடு அயோடின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் வரத்தும் குறையும் என்ற எச்சரிக்கையும் அதில் இல்லை. பெரியவரான எனக்கே இப்படி என்றால், வளரும் குழந்தைக்கு இந்தப் பட்டியலை நம்பி உணவை வெட்டும் பெற்றோரை நினைத்து உண்மையிலேயே கவலைப்படுகிறேன்.

அந்தப் பெட்டி அளப்பது ஐஜிஜி வகை எதிர்ப்புப் புரதத்தை. ஒரு உணவைத் தொடர்ந்து சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் அந்த உணவுக்கான ஐஜிஜி இருப்பது இயல்பு. உடல் அந்த உணவைச் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளமே தவிர, ஒவ்வாமைக்குச் சான்று அல்ல. உதடு வீங்குவது, தடிப்பு எழுவது, மூச்சு இறுகுவது போன்ற உடனடி ஒவ்வாமையில் பங்கு வகிப்பது ஐஜிஈ என்ற வேறொரு புரதம். ஐரோப்பிய ஒவ்வாமை அகாதமி 2008-இலும், கனடாவின் ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2012-இலும், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி பரிசோதனை ஏற்றதல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. இதையெல்லாம் அறிந்த பிறகு அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோதுதான், அதன் சிவப்புப் பகுதி நான் அன்றாடம் சாப்பிடும் உணவுகளின் பட்டியலாகவே இருப்பது புலப்பட்டது. முந்திரியை நான் வீட்டில் வாங்குவதே அரிது. பச்சைக் கட்டம் அதனால்தான்.

பாலை விலக்கியதும் பாலில்லாத மாற்றுப் பொருள்களைத் தேடத் தொடங்கியிருந்தேன். பாலாடைக்கட்டி போலவே ரொட்டியில் தடவிக்கொள்ளும் ஒரு மாற்று கிடைத்தது. அதன் முதல் மூலப்பொருள் முந்திரி என்று பொட்டலத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. அதைப் படித்தேன், பட்டியலில் பச்சை என்பதால் நிம்மதியோடு வாங்கினேன். முதல் துண்டை முடிப்பதற்குள் உள்ளங்கை அரித்தது. பத்து நிமிடத்தில் நாக்கு கனத்தது. அழைத்தவரிடம் பேச வாயைத் திறந்தபோது வெளியே வந்தது என் குரலாகவே இல்லை. அவசரப் பிரிவில் படுக்க வைத்துத் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். தொண்டையைப் பிடித்திருந்த இறுக்கம் சில நிமிடங்களில் தளர்ந்தது.

ஆகவே பெட்டியைப் பற்றி என் கருத்தில் எந்தத் தயக்கமும் இல்லை: ஒவ்வாமையைக் கண்டறிய அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி அறிக்கை கையில் இருந்தால், அதை வைத்து எந்த உணவையும் விலக்கவோ, எதையும் பாதுகாப்பானது என்று நம்பவோ வேண்டாம்.

அவசரப் பிரிவில் எழுதிக் கொடுத்த பரிந்துரையோடு சிகிச்சையகத்துக்குச் சென்றேன். முதல் சந்திப்பில் மருத்துவர் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கேள்விகளே கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, அதே உணவை அதற்கு முன்னும் பின்னும் தொல்லையில்லாமல் சாப்பிட்டதுண்டா, உடற்பயிற்சி செய்தீர்களா, வலி மாத்திரை எடுத்தீர்களா என்று ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியாகப் பிரித்தார். அந்த மூன்று நாட்களில் ஒரு நாள் பிஸ்தா ஐஸ்கிரீம் சாப்பிட்டதும், மற்ற இரண்டு நாட்களில் கொட்டை அரைத்த கெட்டியான குழம்பு சாப்பிட்டதும் அவர் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. என் அறிக்கையை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, “நேற்று வரை பாலும் முட்டையும் சாப்பிட்டு நன்றாக இருந்த உடம்புதானே இது?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு தோல் பரிசோதனை. ஒவ்வாமை மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், ஏனென்றால் அவை தோலின் எதிர்வினையை அடக்கிவிடும். முன்கையில் எண்களிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஒரு சொட்டுச் சாறு வைத்து, அதன் வழியே தோலை மெல்லக் குத்தினார்கள். ஒப்பிடுவதற்காக ஒன்றில் யாருக்கும் தோலில் வீக்கம் எழுப்பும் ஹிஸ்டமின், இன்னொன்றில் வெறும் உப்புநீர். 15 நிமிடம் கழித்து முந்திரியின் இடத்தில் 9 மில்லிமீட்டர், பிஸ்தாவில் 7, பாதாமில் 4 என வீக்கம் எழுந்திருந்தது. மற்ற கொட்டைகளுக்கு எதுவும் இல்லை. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது மிகவும் இயல்பு. பாதாமைப் பற்றி மருத்துவர் உடனே முடிவு சொல்ல மறுத்தார். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வீங்கினால் சோதனையில் நேர்மறை என்று குறிப்பார்கள், ஆனால் தோல் வீங்குகிற எல்லாருக்கும் சாப்பிட்டால் தொல்லை வருவதில்லை என்றார். ஒரு எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி உணவைப் பறிக்காத அந்த நிதானம்தான் இந்தச் சேவையை நான் மதிக்கும் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் டயட்டீஷியன். மூன்று மாதங்களில் அவரை ஐந்து முறை சந்தித்தேன். எதைச் சாப்பிடக்கூடாது என்பதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, எதை எப்படிச் சாப்பிடுவது என்பதற்கே மீதி நேரத்தைக் கொடுத்தார். மறுபடி பால் குடிப்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது வாரம் ஒரு பொருளை நஞ்சென்று நினைத்துவிட்டால், அது நஞ்சல்ல என்று மூளைக்குத் தெரிந்தாலும் கை தம்ளரை எடுக்க மறுக்கிறது. அவர் அதை அலட்சியப்படுத்தவில்லை. முதல் நாள் பாலை அவர் அறையிலேயே குடிக்க வைத்தார். அடுத்து முட்டை, அடுத்து கோதுமை என்று வாரத்துக்குச் சிலவாக என் சமையலறைக்குத் திரும்பி வந்தன.

பொட்டலங்களைப் படிக்கவும் அவரிடம்தான் கற்றேன். பட்டியலிட்டே அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14, அமெரிக்காவில் 2023-இல் எள் சேர்ந்த பிறகு 9. ‘இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வாசகமோ பல இடங்களில் உற்பத்தியாளர் தாமாகப் போடுவது. அது இல்லாததால் கலப்பு இல்லை என்று கொள்ள முடியாது. பழக்கமான பொருளானாலும் தயாரிப்பு முறை மாறியிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால்தான் கொட்டையின் புரதம் போகும், கிருமிநாசினி ஜெல் அதை அகற்றாது என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. உணவகங்களில் சமையல்காரரிடம் நேரே கொடுப்பதற்கு ‘முந்திரி, பிஸ்தா, இவை அரைத்த குழம்பு, இவை தொட்ட கரண்டி’ என்று நான்கே வரிகளில் ஓர் அட்டை எழுதித் தந்தார். என் பணப்பையில் அதன் மூலை மடிந்துபோகும் அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் சந்திப்புக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் என்ன செய்வது என்று தொலைபேசியில் கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. அவசரத்துக்கான தானியங்கி அட்ரினலின் ஊசியை எழுதிக் கொடுத்தவர்கள், அதைப் பயன்படுத்தும் முறையை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான 0.3 மில்லிகிராம் அளவு, தொடையின் வெளிப்புறம், ஆடையின் மேலாகவே குத்தலாம், போட்டதும் எழுந்து நடக்காமல் படுத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், மாத்திரை அதற்கு ஈடாகாது என்ற விவரங்களெல்லாம் உண்மையாகவே மனதில் பதிந்தது இரண்டாம் முறை நானே கேட்டு, பயிற்சி ஊசியைக் கையில் வாங்கிக் குத்திப் பார்த்த பிறகுதான். செல்பவர்கள் முதல் நாளே அந்தப் பயிற்சி ஊசியைக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் இருப்பவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பாதாமைச் சிறிது சிறிதாகச் சாப்பிட வைத்துப் பார்க்கும் சோதனை மூன்றாம் மாதத்தில் நடந்தது. இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். காலையில் ஒரு மேசைக்கரண்டியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே பாதாம் விழுது கொடுத்தார்கள். இருபது நிமிடம் காத்திருந்து, இரத்த அழுத்தம் பார்த்து, தோலையும் தொண்டையையும் பார்த்து, அடுத்த அளவு. ஒவ்வொரு முறையும் செவிலியர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். மூன்றாவது அளவில் கழுத்து அரிப்பது போல் இருந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார், தடிப்பு இல்லை, அச்சம்தான். நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏழு படிகளில் ஏறத்தாழ 20 பாதாம் அளவு உள்ளே போயிருந்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எதுவும் நிகழவில்லை.

தாங்கிக்கொள்ளும் உணவை நெடுநாள் விட்டுவிட்டால் அந்தத் தாங்குதிறனை இழக்க நேரலாம் என்பதால், வாரத்துக்கு இரண்டு முறையாவது பாதாம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். முந்திரியோடு ஒரே இயந்திரத்தில் பொதியப்படாத பாதாமைத் தேடி மூன்று உற்பத்தியாளர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் மட்டும் தெளிவாகப் பதில் எழுதினார். அவருடைய பாதாம் இப்போது என் சமையலறையில், மற்றக் கொட்டைகள் எதுவும் வராத மேல் அடுக்கில், மூடியில் என் பெயர் எழுதிய கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது.