ஏழு வருடமாக ரெக்கார்டு கழுவுகிறேன்

2018இல் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் 40 எல்.பி. ரெக்கார்டுகளை, அதாவது பழைய பெரிய இசைத்தட்டுகளை, மொத்தமாக வாங்கி வந்தேன். கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போட்ட ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் வைத்திருந்தவை. பெரும்பாலும் எண்பதுகளின் எக்கோ, இன்ரிகோ கம்பெனித் தட்டுகள். அட்டையைப் பிரித்தாலே பூஞ்சை வாடை அடித்தது. ஊசியை இறக்கினால் அப்பளம் பொரிகிற மாதிரி சடசடப்பு, அதற்குப் பின்னால் எங்கேயோ பாட்டு. அன்று தொடங்கி 300 தட்டுகளுக்கு மேல் கழுவியாயிற்று.

முதல் ஆறு மாதம் ஈரத் துணியால் துடைத்தேன். தட்டு பளபளக்கும், சத்தம் அப்படியே இருக்கும். தட்டில் ஊசி ஓடுகிற பள்ளம்தான் க்ரூவ். க்ரூவின் அகலம் சுமார் 0.05 மி.மீ., தலைமுடியின் தடிமன்கூட இல்லை. துணி அதற்குள் போகாது. மேலே இருக்கிற தூசியை உள்ளே தள்ளிவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தாலோ தட்டின் வினைல் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அறையில் இருக்கும் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உப்பு படிந்தது. சடசடப்பு முன்பைவிட அதிகம். அதன்பிறகு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். ஆசிட் கலக்காததுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

நான் கலப்பது: 800 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர், 200 மி.லி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. ஆல்கஹால் கைரேகை எண்ணெயைக் கரைக்கும். அந்தச் சொட்டுகள்தான் தண்ணீரை முத்து முத்தாக நிற்கவிடாமல் க்ரூவுக்குள் இறக்கும். மென்மையான பிரஷ்ஷால் க்ரூவின் போக்கிலேயே சுற்றித் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. நடு லேபிளில் ஈரம் படக் கூடாது.

இவ்வளவையும் செய்துவிட்டு அப்படியே காயவைத்தால் பாதி உழைப்பு வீண். கரைந்த அழுக்கு அந்த ஈரத்தில்தான் மிதக்கிறது. ஈரம் காய்ந்தால் அதே க்ரூவில் மறுபடி படிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் இன்னொரு முறை அலச ஆரம்பித்த பிறகுதான் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அமைதி என்ற ஒன்றைக் கேட்டேன். 2021இல் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் வேக்கூம் மெஷின் வாங்கினேன். விலை அதிகம், சத்தமும் அதிகம். ஆனாலும் நூறு தட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். அதற்குக் கீழே என்றால் கையால் இரண்டு முறை அலசினாலே போதும்.

ஒரு தவறை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. தாத்தாவின் 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) நாதஸ்வரத் தட்டை இதே கலவையால் துடைத்தேன். பழைய 78கள் வினைல் இல்லை, அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். கருமை மங்கி, பிரஷ்ஷில் பழுப்பாக ஒட்டி வந்ததைப் பார்த்து நிறுத்தினேன். தட்டின் அந்தப் பக்கத்தை இனி மீட்க முடியாது. 78களுக்கு ஆல்கஹால் இல்லாத கலவை, அதுவும் சீக்கிரம் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

கழுவினால் எது போகும், எது போகாது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒழுங்கில்லாமல் பொரிகிற சத்தம் பெரும்பாலும் அழுக்கு, போய்விடும். எல்.பி. ஓடும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்தக் கணக்கில் 'டக், டக்' என்று வந்தால் அநேகமாகக் கீறல். உச்சஸ்தாயியில் குரல் கரகரத்தால், அதுவும் தட்டின் உள்பக்கப் பாடல்களில் அதிகமாக இருந்தால், அது தேய்மானம். ஊசியைத் தாங்கும் கனமான ஆர்மும் தேய்ந்த ஊசியும் செய்த வேலை அது. எந்தக் கலவையும் சரிசெய்யாது.

கழுவிய தட்டைப் பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள். அதில் இருக்கும் பூஞ்சை மறுபடி ஒட்டும். நிலைமின்சாரம் ஏறாத பாலித்தீன் உறை வாங்கிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியை அவ்வப்போது திறந்துவையுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்க வேண்டாம், தட்டு வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஊசியை இறக்குமுன் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் ஒரு சுற்று. அப்புறம் ஊசி முனையையும் பின்னிருந்து முன்னாக ஒரு தடவை. நன்றாகக் கழுவிய தட்டுக்கு அதற்குமேல் பல வருடம் எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் வாங்கிய அந்த 40இல் 29 தட்டுகள் இன்று நிம்மதியாகக் கேட்கிற நிலையில் இருக்கின்றன. மீதி 11 பளிச்சென்று இருந்தாலும் தேய்ந்துபோனவை. அவற்றுக்கு நல்ல பிரதி கிடைக்குமா என்று இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட் பக்கம் போய் வருகிறேன்.